பால் பழத்துக்கு ரெண்டு குவளை

ஜனவரி 10, சனி

சுகர் பார்க்கிற நர்சம்மா சொல்லித்தான் எழுத ஆரம்பிக்கிறேன். "அண்ணாச்சி, தினமும் என்னென்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. பொய் மட்டும் எழுதாதீங்க"ன்னாங்க. மூணாம் வகுப்போட நின்னவனை எழுதச் சொல்றதே தண்டனை. அதுலயும் பொய் இல்லாம எழுதணுமாம்.

மரக்கடையில குடுத்த டைரி ஒண்ணு சும்மா கிடந்துச்சு. என் பெண்டாட்டி வடிவு எட்டாம் வகுப்பு. அவ படிச்சுப் பார்த்துத் திருத்துவாளாம். ஆகையால இதுல ரகசியம் எதுவும் இருக்காது.

காலை: இட்லி நாலு. மத்தியானம்: சோறு கொஞ்சம். ராத்திரி: கோதுமை தோசை ரெண்டு. சுகர் 212.

பட்டறையில ஒரு சேதி கேள்விப்பட்டேன். என் தங்கச்சி உலகம்மா மக இந்துஜாவுக்குப் பிப்ரவரி எட்டாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை கல்லிடைக்குறிச்சியில மருந்துக்கடை வச்சிருக்கிற தினகரன். தாய்மாமன் நான். எனக்கு இந்தச் சேதியைச் சொன்னது பட்டறைக்கு டீ கொண்டு வர்றவரு.

எனக்கென்ன.

ஜனவரி 12, திங்கள்

நர்சம்மாவுக்கு விவரம் புரியணும்ல, அதனால எழுதுறேன். நானும் உலகம்மாவும் பேசி மூணு வருஷம் ஆகுது. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. வழியில பார்த்தா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவா. "தங்கச்சி, கழுத்து சுளுக்கிக்கும்"னு நான் சொல்லுவேன். அதுக்கும் பேச மாட்டா.

காரணம் என் வாய். இந்துஜாவை முதல்ல பொண்ணு பார்க்க வந்தது ஒரு வள்ளியூர்ப் பையன். முன்னாடியே அனுப்பின போட்டோவுல தலையில முடி கருவேலங்காடு மாதிரி இருந்துச்சு. ஆள் நேர்ல வந்து உட்கார்ந்தா நெத்தி பிடரி வரைக்கும் போகுது. காப்பி குடிச்சு, நல்ல நேரம் பார்த்து, பூ வைக்கப் போற சமயம். நான் சபையில எந்திரிச்சு, "மாப்பிள்ளைக்கு மண்டை நல்லா கடைசல் பிடிச்சு வந்திருக்கு. அரக்கு மட்டும் பூசிட்டா வீட்டுக்கு லைட்டே வேண்டாம்"னேன்.

நான் கடைசல்காரன். மரத்தைச் சுழல விட்டு உளி வச்சு உருட்டி எடுக்கிற தொழில். சொப்புச் சாமான், பூரிக்கட்டை, பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை, எல்லாத்துக்கும் கடைசியில அரக்கு பூசினாத்தான் பளபளப்பு. எனக்கு அந்த நினைப்புதானே வரும்?

ஒருத்தரும் சிரிக்கல. அடுப்படியில இருந்து பொண்ணு மட்டும் சிரிச்சுட்டா. வந்தவங்க தட்டைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

மத்தியானம் ரெண்டு தடவை சோறு. வருத்தத்துல இல்ல. பசி.

ஜனவரி 13, செவ்வாய்

தாலி கட்டினதும் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் குடுப்பாங்க. எல்லா வீட்டுலயும் எவர்சில்வர் டம்ளர்தான். இந்துஜாவுக்கு நான் மரத்துல செய்யப் போறேன். ஜோடியா ரெண்டு குவளை. தாமரை காம்புல நிக்கிற மாதிரி ஒத்தைக் கால், கீழ அகலமா ஒரு அடி. என்னைக் கூப்பிட்டாலும் கூப்பிடாட்டாலும் குவளை போகும்.

கட்டை பூவரசு. உலகம்மா வீட்டு வாசல் மரம்தான். நாலு வருஷத்துக்கு முன்ன, கம்பியில உரசுதுன்னு லைன்காரங்க ஒரு கிளையை வெட்டினாங்க. பாதியை நான் தூக்கிட்டு வந்தேன், பாதியை அவ வச்சுக்கிட்டா. அப்ப நாங்க பேசிக்கிட்டு இருந்தோம். நல்லாக் காஞ்சிருக்கு. வேம்புல செஞ்சா பால் கசக்கும். கசக்க வைக்கிறது மாமியார் பார்க்க வேண்டிய வேலை, நமக்கு எதுக்கு?

பட்டறை மோட்டாருல முந்நூறு பூரிக்கட்டை ஆர்டர் நிக்குது, முதலாளி விடமாட்டாரு. அதனால வீட்டுக்குப் பின்னாடி கிடக்கிற கைக்கடைசல்தான். அதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் கயிறு இழுக்கணும், ஒருத்தர் உளி பிடிக்கணும். கயிற்றை இங்கிட்டு இழுத்தா கட்டை என்னைப் பார்த்துச் சுத்தும், அங்கிட்டு இழுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும். என்னைப் பார்த்துச் சுத்தும்போது மட்டும்தான் உளி படணும். இழுக்கிறவருக்கும் வெட்டுறவருக்கும் ஒரே மூச்சு இருக்கணும்.

வடிவுகிட்டக் கேட்டேன். "மோர் கடையிறவளுக்கு வெண்ணெயாச்சும் மிஞ்சும். எனக்கு என்ன மிஞ்சும்?"னா.

"நான்"னேன்.

"அதான் யோசிக்கிறேன்"னா.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தங்கச்சிக்குப் பொங்கல்படி குடுக்கணும்ல, பேசாட்டா முறை போயிருமா? கரும்பு, மஞ்சள்குலை, பச்சரிசி, வெல்லம் எல்லாம் வடிவுதான் கொண்டு போனா. மூணு வருஷமா அப்படித்தான். அவ திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசல்ல நிக்கல. சும்மா கோலம் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"வாங்கிக்கிட்டாளா?"

"வாங்கிக்கிட்டா."

"ஏதாச்சும் கேட்டாளா?"

"கரும்பு இனிக்குமான்னு கேட்டா."

"என்னையப் பத்தி?"

"உங்களைக் கரும்புன்னு எவ சொல்லுவா?"

அழைப்பு இன்னும் வரல. பொங்கல் முடிஞ்சுதான் எல்லாரும் வைப்பாங்க. எனக்கென்ன, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சாப்பாடு: வெண்பொங்கல் மட்டும்.

திருத்தம்: சர்க்கரைப் பொங்கல் மூணு கரண்டி. நான் பார்த்தேன். இப்படிக்கு வடிவு.

ஜனவரி 18, ஞாயிறு

முதல் குவளை முடிஞ்சது! வடிவு ஒரு கையால இழுத்துக்கிட்டே மறு கையால போன்ல சீரியல் வச்சுக் கேட்டா. கதாநாயகி அழுதா கயிறு மெதுவாப் போகுது, மாமியார் வந்தா வேகமாப் போகுது. நல்லவேளை, விளம்பரத்துல உளி எடுத்துட்டேன்.

உள்ளே அரக்கு பூசல. சூடான பால் பட்டா இளகிரும். தேங்காய் எண்ணெய் தேய்ச்சு விட்டேன். வெளியில மட்டும் மெல்லிசா அரக்கு, தாழை ஓலையால ஒரு தேய்ப்பு. பூவரசு உள்ளே இருந்து காப்பிப்பொடி நிறத்துல வரி வரியா எட்டிப் பார்க்குது.

கால்ல ஒரு வித்தை வச்சிருக்கேன். கால் கடையும்போது நடுவுல ஒரு தடிப்பை விட்டு, அதுக்கு அடியில ரெண்டு பக்கமும் வளைஞ்ச உளியால குடைஞ்சுக்கிட்டே வரணும். ஒரு கட்டத்துல 'டிக்'னு ஒரு சத்தம். தடிப்பு வளையமாப் பிரிஞ்சு காலைச் சுத்தி ஆடும். ஒட்டு கிடையாது, ஒரே கட்டை. மேல கிண்ணம், கீழ அடி, உடைச்சாத்தான் வெளிய வரும். கிலுகிலுப்பைக்குச் செய்யிற வேலைதான்.

எடுத்து ஆட்டினேன். கிலுகிலுன்னுச்சு. "ஏட்டி வடிவு, பால் குடிக்கிறப்ப 'பிள்ளைக்குக் கிலுகிலுப்பை தயார்'னு சபையில சொல்லுவேன் பாரு"ன்னேன்.

வடிவு கயிற்றைச் சுருட்டி வச்சா. "மறுபடியும் சபையிலயா?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான் கேட்டா. நான் உளியைத் துடைச்சேன். ரொம்ப நேரம் துடைச்சேன் போல, பளபளன்னு இருக்கு.

ஜனவரி 20, செவ்வாய்

அந்த மொட்டைப் பேச்சு எனக்குத் தானா வாயில வந்துச்சுன்னு ஊர் நினைக்குது. இருக்கட்டும். ஆனா தொழிலாளிக்கு மனசு கேட்குமா? கேலிக்கும் கடைசல் வேலை உண்டு. முந்தின நாளே பட்டறையில கூட வேலை பார்க்கிற அய்யாத்துரைகிட்டச் சொல்லிப் பார்த்தேன். 'விளக்கே வேண்டாம்'னு நான் வச்சிருந்ததை 'லைட்டே வேண்டாம்'னு மாத்தினது அவருதான். அவருக்கு அந்தப் பெருமை சேரட்டும்.

காலை: இட்லி நாலு. (சின்ன இட்லி.)

ஜனவரி 22, வியாழன்

எதிர்வீட்டுக்கு அழைப்பு வச்சாச்சு. பக்கத்து வீட்டுக்கும் வச்சாச்சு. உலகம்மாவும் மச்சான் பிச்சையாவும் தாம்பாளத்தோட என் வாசலைத் தாண்டிப் போனாங்க. மச்சான் லேசாத் திரும்பிப் பார்த்தாரு. ஒரு கண்ணால மட்டும் பார்க்க அனுமதி வாங்கியிருப்பாரு போல.

எனக்கென்ன. வெயில்ல நடக்கிற பாடு அவங்களுக்குத்தான்.

சாயங்காலம் இந்துஜா போன் பண்ணினா. "மாமா, நான் அம்மாகிட்டச் சொல்லிரட்டா? எனக்குச் சோறு இறங்கல"ன்னா. "தாலி ஏறட்டும் பிள்ளே. மூணு வருஷம் இருந்தவனுக்கு மூணு வாரம் என்ன?"ன்னேன். எதைச் சொல்றான்னு இங்க எழுத மாட்டேன். வடிவு படிப்பா.

ஜனவரி 24, சனி

கட்டைக்குள்ள ஆணி.

ரெண்டாவது குவளை, கிண்ணம் பாதி குடைஞ்சாச்சு. 'கிர்ர்'னு ஒரு சத்தம். உளியில பல்லு விழுந்துச்சு, கட்டை நெட்டுக்குப் பிளந்துச்சு. எந்தக் காலத்துலயோ மரத்துல கொடி கட்ட அடிச்ச ஆணி, மேல பட்டை மூடி உள்ளேயே இருந்திருக்கு. "உன் நாத்தனா எனக்காக மரத்துக்குள்ளயும் ஆணி வச்சிருக்கா பாரு"ன்னேன். வடிவு சிரிக்கல. என் கட்டைவிரலுக்குத் துணி கட்டிக்கிட்டு இருந்தா.

வேற பூவரசு பட்டறையில இருக்கு, எல்லாம் பச்சை. பச்சைக் கட்டையில செஞ்சா காய காய வெடிச்சிரும். ஒத்தைக் குவளையை வச்சுக்கிட்டு என்ன பண்ண? பொண்ணு குடிக்க, மாப்பிள்ளை வேடிக்கை பார்க்கவா?

எனக்கென்ன. டம்ளர்ல குடிச்சாலும் பால் பால்தான்.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில வடிவைக் காணோம். பத்து மணிக்கு ஆட்டோவுல வந்து இறங்குறா, மடியில ஒரு கட்டை. என் கட்டையோட மறுபாதி! அதே வரி, அதே நிறம்.

"எங்க இருந்துச்சு?"

"உலகு வீட்டு அரிசி டிரம்முக்கு அடியில முட்டுக் குடுத்திருந்தா."

"குவளைக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"யார் செய்றதுன்னு?"

"அம்பாசமுத்திரத்துல கைவிரல்ல துணி கட்டின கடைசல்காரன் எத்தனை பேரு?"

"அவ என்ன சொன்னா?"

"பிள்ளைக்குன்னா எடுத்துட்டுப் போங்க மதினின்னா. வேற ஒண்ணும் சொல்லல."

எனக்கென்ன, கட்டை கிடைச்சாச் சரி. ஆனா ஒண்ணு. கல்யாண வீடு, டிரம் நிறைய அரிசி இருக்கும். அதை நகத்தித்தான் எடுத்திருக்கணும். மச்சானுக்கு முதுகுவலி. அப்ப அவளேதான் நகத்தியிருப்பா.

இன்னிக்குப் பசி இல்ல. வேணும்னா நர்சம்மா நம்பட்டும்.

ஜனவரி 27, செவ்வாய்

கயிறு இழுத்துக்கிட்டே வடிவு கேட்டா. "ஏங்க, வள்ளியூர்க்காரன் மொட்டைன்னு போட்டோவுல தெரிஞ்சுதா?"

"எங்க தெரிஞ்சுது? அதான் கருவேலங்காடுன்னு எழுதியிருக்கேன்ல."

"நேர்ல எப்பப் பார்த்தீங்க?"

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்குத்தான்."

"அப்ப முந்தின நாளே அய்யாத்துரை அண்ணன்கிட்ட எப்படி மொட்டைப் பேச்சு பேசினீங்க?"

கட்டை சுத்துது. நான் உளியை வைக்கல. முன்னால சுத்துது, பின்னால சுத்துது, உளியை வைக்கவே இல்ல.

"யாரோ முன்னாடியே சொல்லியிருக்காங்க"ன்னா. "அந்தப் பையனை நேர்ல பார்த்த யாரோ. அவன் வேண்டாம்னு நினைச்ச யாரோ."

"இழுட்டி"ன்னேன். இழுத்தா.

ஜனவரி 28, புதன்

டைரியைக் காணோம். காலண்டர் தாள் கிழிச்சு அதுல எழுதி வைக்கிறேன், டைரி கிடைச்சதும் ஒட்டிக்கலாம். வடிவைக் கேட்டா, "நான் என்ன டைரிக்குக் காவல்காரியா?"ங்கிறா. கேட்ட கேள்விக்கு இது பதில் இல்ல.

ஜனவரி 29, வியாழன்

டைரி இல்ல. குவளையில கிண்ணம் முடிஞ்சுது. காலைத் தடிப்பா அப்படியே விட்டிருக்கேன். யோசிச்சுட்டேன். இதுக்கு வளையம் வேண்டாம். முதல் குவளை வளையத்தையும் நாளைக்கு உளி வச்சுப் பிளந்து எடுத்திரலாம். சத்தம் இல்லாத ஜோடியாப் போகட்டும். என் சத்தம் அந்தப் பிள்ளைக்கு ஒரு தடவை உதவினது போதும்.

ஜனவரி 30, வெள்ளி

வளையத்தைப் பிளக்கல. உளி தீட்டணும்.

ஜனவரி 31, சனி

டைரி அரிசிப் பானை மேல இருக்கு! அங்க நான் வச்சதே இல்ல. இருபத்தி ரெண்டாம் தேதிப் பக்கத்துல, இந்துஜா போன் பண்ணினதா எழுதின இடத்துல, மஞ்சள் கட்டைவிரல் ரேகை ஒண்ணு. வடிவு விரலைப் பிடிச்சு வச்சுப் பார்த்தேன். அவளுது சின்ன விரல். இது இல்ல.

இந்த ஊர்ல இப்ப மஞ்சள் இடிக்கிற வீடு ஒண்ணுதான். கல்யாண வீடு.

உளியைத் தலைகீழாப் பிடிச்சுட்டேன். சுகர் இறங்கியிருக்கும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

வந்தா.

காலை ஒன்பது மணி. தாம்பாளத்துல தேங்காய், பழம், வெத்தலை பாக்கு, குங்குமம், மேல பத்திரிகை. பின்னாடி மச்சான் பிச்சையா, இன்னிக்கு ரெண்டு கண்ணாலயும் பார்க்கிறாரு. நான் லுங்கியோட கடைசல் முன்னால உட்கார்ந்திருக்கேன், தலை பூராவும் மரத்தூள்.

உலகம்மா தட்டை நீட்டல. நின்னா.

"அண்ணே, இந்துஜா எல்லாம் சொல்லிட்டா. மதினிதான் அவளை என் முன்னால உட்கார வச்சுச் சொல்ல வச்சாங்க. தினகரனைத்தான் கட்டுவேன்னு மூணு வருஷத்துக்கு முன்னாடியே உன்கிட்ட வந்து அழுதாளாமே. வள்ளியூர்க்காரனை பஸ் ஸ்டாண்டுல பார்த்ததையும் சொல்லி, எப்படியாச்சும் நிப்பாட்டுங்க மாமான்னாளாமே."

நான் வடிவைப் பார்த்தேன். அவ சுவரைப் பார்த்தா.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்ப"ன்னேன். "அப்ப அவன் இன்னொருத்தர் கடையில மாத்திரை எடுத்துக் குடுக்கிற பையன்."

தட்டுல பத்திரிகையை நேரா எடுத்து வச்சா. "சொல்லியிருப்பேன்தான்"னு ஒத்துக்கிட்டா. பிறகு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "உனக்கு வாய் உண்டுன்னு ஊருக்கே தெரியும். மூடவும் தெரியும்னு கூடப் பிறந்தவளுக்கே தெரியாமப் போச்சே"ன்னா.

"தங்கச்சி, கழுத்து இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன்.

"டைரியில எனக்கென்ன எனக்கென்னன்னு அஞ்சு இடத்துல எழுதியிருக்க. நான் எண்ணினேன்"னு சொல்லிட்டுத் தட்டை நீட்டினா. நான் எந்திரிச்சு, தலைத்தூளைத் தட்டிட்டு, ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.

வடிவைப் பிறகு தனியாக் கேட்டேன். "கல்யாணம் நின்னு போயிருந்தா என்னட்டி பண்ணியிருப்ப?"

"ஊருக்கெல்லாம் அழைப்பு வச்சு முடியட்டும்னுதானே காத்திருந்தேன்? இனி எவ நிறுத்துவா?"

எட்டாம் வகுப்பு எட்டாம் வகுப்புதான்.

உலகம்மா கிளம்பல. குவளை ரெண்டையும் எடுத்துப் பார்த்தா. முதல் குவளையை ஆட்டினா, கிலுகிலுன்னுச்சு. ரெண்டாவதை ஆட்டினா, சத்தம் இல்ல.

"இது ஏன் ஊமையா இருக்கு?"

"சபையில சத்தம் வேண்டாம்னு..."

"வளையம் வை"ன்னா. சேலையை இடுப்புல செருகிக்கிட்டு, வடிவு கையில இருந்து கயிற்றை வாங்கிக்கிட்டா. மூணு வருஷக் கோபத்தையும் சேர்த்து இழுத்தா பாருங்க, கட்டை பம்பரமாச் சுத்துது. "மெதுவா! இது டிரம் இல்ல, குவளை!"ன்னேன். மச்சான் ஓரமா நின்னு சிரிச்சாரு. அப்புறம் மெல்ல மெல்ல அவ இழுப்பும் என் உளியும் ஒண்ணா வந்துச்சு. டிக்.

வளையம் பிரிஞ்சு காலைச் சுத்தி ஆடுச்சு.

சாப்பாடு: என்ன சாப்பிட்டேன்னு நினைவு இல்ல. இது பொய் இல்ல.

பிப்ரவரி 8, ஞாயிறு

மாமன் மாலை போட்டேன். தாலி ஏறியாச்சு.

பால் பழம். உலகம்மாதான் ஊத்தினா. இந்துஜா குவளையை எடுத்தா, கிலுகிலு. மாப்பிள்ளை எடுத்தாரு, கிலுகிலு. மண்டபமே சத்தம் எங்க இருந்து வருதுன்னு தேடிட்டு, பிறகு மொத்தமாத் திரும்பி என்னையப் பார்த்துச்சு. இப்ப ஏதோ சொல்லப் போறான்னு. அய்யாத்துரை சிரிக்கத் தயாரா வாயைத் திறந்தே வச்சிருந்தாரு. இந்துஜா உதட்டுல பால் மீசையோட என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தா.

"சொல்லேன் அண்ணே"ன்னா உலகம்மா.

மூணு வாரமா நாக்கு நுனியில வச்சிருந்த பேச்சு. வாயைத் திறந்தேன், வரல. தலையை மட்டும் ஆட்டினேன்.

உலகம்மா பால் சொம்பைக் கீழ வச்சுட்டு, சபையைப் பார்த்துச் சத்தமாச் சொன்னா: "பிள்ளைக்குக் கிலுகிலுப்பை தயார்னு எங்க அண்ணன் சொல்றாரு!"

மண்டபம் அதிர்ந்துச்சு. டைரியில படிச்ச என் கேலியை என்னை விட நல்லாச் சொல்லிட்டா.

சாப்பாடு: லட்டு நாலு, பாயாசம் மூணு தடவை, மாப்பிள்ளை குவளையில மிச்சம் இருந்த பால் ஒரு வாய். நர்சம்மா, பொய் இல்ல.

படிச்சேன். திருத்தம் ஒண்ணும் இல்ல. இப்படிக்கு வடிவு.